ஆகாயக் கப்பல் கடுதாசி

மலாயாவின் லாபு ரப்பர் தோட்டத்துக்குப் போன வாரம்தான் கணக்கெழுத வந்த கிராணி, தபாலுக்குக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அஞ்சலை! கல்கத்தாவிலிருந்து கடுதாசி. புருஷன் பேரு என்னம்மா?"

அஞ்சலை தலை குனிந்தாள். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு இல்லை.

"சொல்ல மாட்டீங்களே! வைரவன்தானே?" என்று உறையின் பின்பக்கம் பார்த்துக் கேட்டுவிட்டு, அவரே அதைக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தார்.

'அன்புள்ள அஞ்சலைக்கு, துரை என்னையும் ஆகாயக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். சிங்கப்பூரில் கிளம்பியதும் காது அடைத்துவிட்டது. பாங்காக்கிலும் ரங்கூனிலும் இறங்கி ஏறினோம். மேகமெல்லாம் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்த ரப்பர் பால் போலக் கிடந்தது. நீ பக்கத்தில் இல்லாமல் எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அஞ்சலை.'

"இன்னொரு தடவை படிங்கய்யா."

கிராணி சிரித்துக்கொண்டே மறுபடி படித்தார்.

கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு, முள்வேலி ஓரமாக அவள் மெதுவாக நடந்தாள். தன் வீட்டைத் தாண்டிப் போய், கடைசி லயத்தில் துரையின் சமையல்காரர் வைரவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க கடுதாசி. கிராணி ஆள் மாத்திக் கொடுத்துட்டாரு."

வைரவன் மனைவி, இன்னொரு அஞ்சலை, ஆவலாக வாங்கிப் பார்த்தாள்.

"உறை கிழிஞ்சிருக்கே?"

"படிச்சுக் காட்டினாரு."

"உன் வீட்டுக்காரரை அவசரகாலச் சட்டத்துல பிடிச்சுட்டுப் போயி மூணு வருஷம், ஒரு வரி கிடையாது. இது உனக்கு வந்த கடுதாசி இல்லைன்னு தெரியாதா? சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் நினைச்சேன். என் பேரைச் சொல்லி அவ்வளவு ஆசையா ஒருத்தர் பேசிக் கேட்டு நாளாச்சுக்கா."