பத்திரமான இடம்

தச்சருக்குத் தன் பழைய பைக்கின் இண்டு இடுக்கெல்லாம் அத்துப்படி. சீட்டுக்கடியில் உளி, டேங்க் மேல் அரிசிப் பை, கொக்கியில் காய்கறி. முட்டைதான் பாக்கி.

“மடியில வெச்சுக்கட்டுமாங்க?” என்றாள் மனைவி.

“பள்ளத்துல எறங்குனா உடைஞ்சுடும். இரு.”

துண்டைச் சுருட்டி மெத்தையாக்கி, பன்னிரண்டையும் அடுக்கி, பின்பக்கப் பெட்டிக்குள் இறக்கி மூடினார்.

“இதுலயாங்க? அப்ப எனக்கு?”

“இதோ இருக்கு வீடு. ஏறு.”

திருப்பத்தில் லாரி வந்தது.

பிணவறை வாசலில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த தச்சரிடம் போலீஸ்காரர் வந்தார்.

“வண்டியில இது ஒண்ணுதாங்க முழுசா இருந்துச்சு.”

நீட்டியது மனைவியின் ஹெல்மெட்.

தச்சர் அதற்குள் இருந்த துண்டை விலக்கிப் பார்த்தார். பன்னிரண்டு முட்டைகளில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை.