மறுபடியும் வேவு பார்க்கணும்

"பாய், இந்த போனு என்னை வேவு பாக்கறத வுட்டுடுச்சு. மறுபடியும் பாக்க வெச்சுக் குடு."

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அமீன் நிமிர்ந்தார். ராயப்பேட்டையில் பழைய போன் வாங்கி விற்கிற கடை அவருடையது. 'போன் வேவு பார்க்குது, நிறுத்திக் குடுங்க' என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். தொடங்கச் சொல்லி ஒருவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"இன்னா நாகராஜண்ணே, காலைலயே கலாய்க்கறியா?"

"கலாய்க்கல அண்ணா, என் மேல கோவம்," என்றாள் பின்னால் நின்ற மகள் கயல். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். "பிரவுசர்ல நாம தேடுறதையெல்லாம் பாத்துக்கினு அதுக்கேத்த மாரி வீடியோ தள்ளி வுடுறானுங்க. முடி கொட்டுதுன்னு ஒரே ஒரு வாட்டி தேடுனேன். வீடியோவத் தொறந்தா வரிசையா வெங்காயச் சாறு! அதான் என் போனு, நைனா போனு ரெண்டையும் சுத்தமா தொடச்சுட்டேன்."

"நல்லதுதானேம்மா?"

"இன்னா நல்லது?" நாகராஜ் சீறினார். "உன் வெங்காயமும் எங்க கதையும் ஒண்ணா?"

அவர் கதை வேறுதான். வாட்ச்மேன் வேலை பார்க்கிற நாகராஜின் மனைவி ஆரோக்கியமேரி, சாந்தோமில் மீன் விற்றவள். அவள் கூவினால் அடுத்த தெருவிலும் கதவு திறக்கும். ஏழு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. உயிர் பிழைத்தாள், கை கால் சரியாகிவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. தினமும் வீட்டில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் நாகராஜுக்குப் பாதி மறந்துவிட்டது.

"எனக்கு டைப் அடிக்க வராது பாய். மைக்கை அமுக்கி, 'பொண்டாட்டிக்கு வாய் வர்ல, இன்னா செய்யட்டும்'னு கேட்டேன். மொத நாளு சினிமாப் பாட்டா போட்டுச்சு. மறுநாள் தொறந்தா, வாயை எப்டி தொறக்கணும், நாக்கை எங்க வெக்கணும்னு ஒரு வீடியோ! சாயங்காலம் 'ஆ வந்துச்சு, மா வர்ல'ன்னு சொன்னேன்னா, காலைல 'மா'வுக்கு வீடியோ வந்து நிக்கும். சோறு ஒரு பக்கமா தங்குதுன்னு சொன்னா, அதுக்கும் ஒண்ணு வரும்."

"இதுல காமெடி இன்னா தெரியுமாண்ணா?" என்றாள் கயல். "தினமும் மைக்கை அமுக்கி, 'ரொம்ப நன்றிப்பா, நீ நல்லா இரு'ன்னு போனுக்குச் சொல்லுவாரு."

"சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவேன்? 'அம்மாவுக்கு இன்னிக்கு எது வந்துச்சு'ன்னு பெத்த பொண்ணு நீ ஒரு நாளு கேட்டியா? நான் சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணும் இல்ல?"

கயல் ஸ்டூலை இழுத்து அப்பாவுக்குப் போட்டாள்.

"போன வாரம் முழுசா ஒரு வார்த்தை சொன்னா பாய். தட்டுல சோறு வெச்சேன், 'போதும்'னா. நான் அழுதுட்டேன். இவ தொடச்சு மூணு நாளு ஆவுது. இப்ப கேட்டா தங்கம் வெல சொல்லுது. மேரி செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறா. வந்த பேச்சும் திரும்பிப் பூடும் போல கீது." போனை அமீனிடம் நீட்டினார்.

அமீன் போனை வாங்கிப் பார்த்தார். "பழைய கணக்கைப் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும்ணே. யார் பேர்ல இருந்துச்சு?"

"அதப் பாத்துதான் அண்ணா பயந்தேன்," என்றாள் கயல். "ஷீலான்னு பேரு காட்டுச்சு. எவளோ உள்ள பூந்துட்டான்னுதான் தூக்கிட்டேன்."

அமீன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, தப்பு என்னுதும்மா. இந்த போனை எனக்கு வித்தவங்க அவங்கதான். பேச்சு வராதவங்களுக்குச் சொல்லித் தர்ற டீச்சரம்மா. அவங்க கணக்கை அழிக்காமயே உங்க அப்பாவுக்கு வித்துட்டேன்."

கயலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா நைனா? அந்தம்மா பாத்த வீடியோவ வெச்சுத்தான் உனக்கும் காட்டிக்கினு இருந்துருக்கு. ஆளு மாறுனது கூடத் தெரியாத மிஷினு. அதுக்குப் போயி நன்றி சொன்னே!"

நாகராஜுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப அதெல்லாம் எங்களுக்குன்னு வர்லியா?" என்றார். கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். "பரவால்ல. யாருக்கு வந்தா இன்னா, மேரி வாயத் தொறந்தா இல்ல? அந்தம்மாவுக்கு போன் போடு பாய். தெரியாம உங்க கணக்குல பூந்துட்டோம்னு மன்னிப்பு கேட்டுக்கறேன். இன்னும் கொஞ்ச நாளு வெச்சுக்க வுடுவாங்களான்னும் கேட்டுப் பாரு."

திட்டு வாங்கத் தயாராகி, அமீன் அந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நாகராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், ராயப்பேட்டை அமீன் பேசறேன். உங்ககிட்ட வாங்குன போனை வேற ஒருத்தருக்கு வித்தேன். அதுல ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு..."

"தெரியும் பாய்," என்று பதற்றமாகக் குறுக்கிட்டது ஒரு பெண் குரல். "அவர் மைக்ல கேக்குறதெல்லாம் ஆறு மாசமா, அதே கணக்கு இருக்கிற என் புது போன்லயும் வந்துட்டுதான் இருக்கு; அதப் பாத்துதான் அடுத்த பயிற்சிய தினமும் நானே தேடி எடுத்து, அவருக்கு மொதல்ல வர்ற மாதிரி போடுறேன். மூணு நாளா அவர் ஒண்ணுமே கேக்கலையே பாய்... அந்தம்மா நல்லா இருக்காங்கல்ல?"