உடையாத எண்

"இந்தப் பிரபஞ்சத்துல எவனாலும் உடைக்க முடியாத ஒண்ணு என் சட்டைப் பையில இருக்கு!" என்று அறிவித்தார் கணிதப் பேராசிரியர்.

அது ஒரு துண்டுச் சீட்டு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண் ஒன்று, அறுபது இலக்கத்தில் அதில் இருந்தது. நான்கு வருட உழைப்பு. நாளைக்குக் கல்லூரியில் அதற்குப் பாராட்டு விழா.

எண் ஜோதிடம் பார்க்கும் மச்சான் சீட்டை வாங்கி, உதடு அசைய ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டத் தொடங்கினான்.

"ஆரம்பிச்சிட்டியா? விரல் விட்டுக் கூட்டுறவனெல்லாம் கணக்குல புலின்னா, பஸ் கண்டக்டருக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்டா!"

"சிரிங்க அத்தான், எனக்கென்ன? மொத்தம் இருநூத்தி நாப்பது. அதையும் கூட்டினா ஆறு. அமோகமான நம்பர்! விழா ஜேஜேன்னு நடக்கும்."

பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, இலக்கங்களோட கூட்டுத்தொகை மூணால வகுபட்டா, அந்த நம்பரும் மூணால வகுபடும்னு நேத்துதான் பிள்ளைங்களுக்கு நடத்தினேன். நீங்க மூணால வகுத்துப் பாத்தீங்கல்ல?"

"அந்தப் பொடி நம்பரையெல்லாம் நான் தொடுறதே இல்ல. நான் ஆரம்பிச்சதே ஆயிரத்துலேருந்து..."

பேராசிரியர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"மூணும் ஏழும் பத்து... பத்தும் ஒன்பதும் பத்தொன்பது..."

வெகுநேரம் கழித்துக் கதவு மெல்லத் திறந்தது.

"மச்சான்... இதுக்குப் பரிகாரம் ஏதாவது உண்டா?"