மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள்

“அந்த மனிசன்ட மானத்த வாங்கிப்போட்டு, இப்ப பேரமும் பேசப் போறீங்களா?” என்றாள் மனைவி சுபைறா.

முனாப் மேன்முறையீட்டு மனுவை உறைக்குள் வைத்தார். நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு ஐந்து லட்சம். அவருடைய வாரப் பத்திரிகையை அச்சு மெஷினோடு சேர்த்து விற்றாலும் அவ்வளவு தேறாது. தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க இன்றுதான் கடைசி நாள்.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் அகதி முகாமுக்கு வந்த நிவாரணக் கோதுமை மாவைக் கடைக்கார மஜீட் முதலாளி பேக்கரிகளுக்கு விற்கிறார் என்று எழுதியவர் முனாப்தான். அவர் கடையில் மூடைகள் இறங்கியதைக் கண்ணால் கண்டேன் என்று மார்தட்டியவரும் அவர்தான்.

மஜீட் போட்ட மானநஷ்ட வழக்கில் அவர் கூண்டில் ஏறவே இல்லை. அவருடைய கணக்கப்பிள்ளைதான் வந்து, அது கடைக்கு வாங்கிய மா என்று குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அத்தோடு முனாப் தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர் குர்ஆனைத் தொட்டுப் பொய் சொல்வாரா?

செய்தி வந்த கிழமையே மஜீடின் மகள் நதீராவுக்குப் பேசிய கலியாணம் முறிந்தது. அதை நினைத்தால் முனாபுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

செருப்பை மாட்டும்போது வாசலில் சலாம் கேட்டது. மஜீடேதான். நாளை ஹஜ்ஜுக்குப் பயணம். போகிறவர் வீடுவீடாக ஏறி மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம்தான். ஆனால் நொந்தவரே நோகடித்தவன் வீட்டுக்கு வந்தால், அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

மஜீட் அவர் கையைப் பிடித்தார். “மனிசனுக்குச் செஞ்சத மனிசன் மன்னிச்சாத்தான் ஹஜ்ஜு கபூலாகும், அல்லாஹ் ஏத்துக்குவான். மாப்புத் தாங்க, தம்பி.”

“நீங்க கேக்கவா, காக்கா? மூத்தவர் நீங்க, நான்தானே கேக்கணும்!” என்றார் முனாப். “ஒரு பொம்புளப் புள்ளட வாழ்க்கையக் கெடுத்த பாவி நான்.”

உறையிலிருந்து மனுவை உருவி நாலாகக் கிழித்தார். “மெஷின வித்து, வீட்டு வளவ வித்து அஞ்சு லட்சத்தையும் தந்திருவன். நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க. எனக்காகவும் துஆச் செய்ங்க.”

மஜீட் கிழிந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார். சுபைறா கதிரையை இழுத்துப் போட்டாள், அவர் இருக்கவில்லை.

“காசு வாணாம், தம்பி. மாப்பு மட்டும் தாங்க.”

“என்னத்துக்கு, காக்கா?”

“அந்த மாவ வித்தது நான்தான்.”