புகையிலைத் தண்ணீர்

மருதனார்மடத்துத் தோட்டத்தில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. போர்த் தடையால் பூச்சிமருந்து இந்தப் பக்கம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அற்புதராணி, ஊறவைத்த புகையிலைத் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிப் புகையிலைக் கன்றுகளின் மேல் தெளிக்கிறாள். குருநகரில் அவளுடைய அம்மா கத்தரிக்கு இதைத்தான் தெளிப்பாள். பூச்சிகள் சுருண்டு விழும். இங்கே பச்சைப் புழு ஒருமுறை தலையைத் தூக்கிவிட்டு, நனைந்த இலையையே மறுபடி கறுக்குக் கறுக்கென்று தின்கிறது. கணவனின் அக்கா மரியநாயகி சிரிக்கிறாள். “புகையிலைப் புழுவுக்குப் புகையிலைத் தண்ணியோ, ராணி? உந்தக் காரத்தைத் திண்டுதானே அது கொழுக்குது. கையாலை பொறுக்கு.” அற்புதராணி இலை இலையாகப் புரட்டிப் புழுக்களைப் பொறுக்குகிறாள். பிசின் விரல்களில் கறுப்பாக ஒட்டுகிறது. கலியாணமான புதிதில் இந்த மணம் அவளுக்குக் குமட்டும். கணவன் கிறகோரி இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால்தான் பக்கத்தில் விடுவாள். இந்தக் கன்றுகளை நட்டுவிட்டுப் படைக்குத் தெரியாமல் இரவில் படகேறிக் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கிணற்றடியில் மரியநாயகி வாளியைச் சரித்துப் பிடிக்கிறாள். “வா, கையைக் கழுவு. தேத்தண்ணி குடிப்பம்.” “நீங்கள் குடியுங்கோ மச்சாள். நான் பிறகு கழுவுறன்.” அற்புதராணி கறுத்த விரல்களை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கிறாள்.