வேப்பூருக்குப் போகும் பொம்மைகள்

"நெசத்தைச் சொல்லுங்கப்பா. இதுவரைக்கும் ஒரு பொம்மையாவது வித்திருக்கீங்களா?"

மகள் வேல்விழி கேட்டதும் பச்சமுத்து கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்து என்ன பிரயோஜனம்? திருச்சியிலிருந்து வந்தவள், விருத்தாசலம் பஸ் பிடிக்க வேப்பூரில் இறங்கியதுமே எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஹோட்டல் வாசலில் நின்ற பஸ்களில் ஏறி இறங்கி, குழந்தைகளின் கையில் பீங்கான் பொம்மைகளைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

"எல்லாம் வித்துப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்றீங்களாமே?"

"வேற என்னம்மா சொல்றது? எந்தக் கடைக்காரனும் தொட மாட்டேங்கறான். நீயே பாரேன்."

ஒரு பொம்மையை எடுத்து நீட்டினார். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. வாய் கன்னத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அம்மா ஆதிலட்சுமி கல்யாணத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் கண் எழுதியவள். அவள் எழுதினால் பொம்மை நம்மையே பார்க்கும் என்பார்கள். தம்பி பாரி பைக் விபத்தில் போனபிறகு அந்தக் கையா இப்படி ஆகிவிட்டது!

"கை நடுங்குதும்மா அவளுக்கு" என்றார் பச்சமுத்து. "பாரி போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் சோறு எறங்கல, பேச்சு இல்ல. நான் கட்டிலே கதின்னு கெடந்தேன், அவ ஒரு மூலையில கெடந்தா. ஒருநாளு அவளாத்தான் எந்திரிச்சா. 'கம்பெனியில வெறும் பொம்மை வாங்கியாங்க, நான் கண்ணு எழுதறேன்'னா. எழுதி முடிச்சு, வித்துட்டு வாங்கன்னு எங்கையில குடுத்தா. விக்கலன்னு எப்படிம்மா சொல்லுவேன்? மறுபடியும் மூலையில போயி உக்காந்துட்டான்னா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மவனத்தான் பறிகுடுத்துட்டோம். அவளையும் பறிகுடுக்க என்னால ஆவாதும்மா. சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்ப்பா."

அதற்குள் சென்னை பஸ் ஒன்று வந்து நின்றது. "நீ முன்னாடி வூட்டுக்குப் போ. நான் பையைக் காலி பண்ணிட்டு வரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், அறுபத்தெட்டு வயதுக்காரர்.

"என்னா பெரியவரே, இன்னிக்கு ராஜாவா, ராணியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ராணிதான். உம் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்துக்க!"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! பாவம், அம்மாவுக்காக இந்த வயதில் இப்படி அலைகிறாரே என்று நினைத்தபடி வேல்விழி பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுகையை அடக்க முடியவில்லை.

வீட்டில் ஆதிலட்சுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கோணல் முகங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாடி. வேப்பூர்ல அப்பாவப் பாத்தியா? காலையில சாப்ட்டாராமா?"

"சாப்ட்டாரும்மா. ஒன் பொம்மைக்கு என்னா கிராக்கிங்கற! ஜனங்க சண்ட போட்டு வாங்கிட்டுப் போறாங்க."

சொல்லும்போதே வேல்விழிக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி மகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைப் பொம்மையை எடுத்து மடியில் வைத்து, தூரிகையை மையில் தொட்டு இரண்டு கண்களையும் எழுதினாள். நூல் பிடித்ததுபோல் அமைந்தன. பொம்மை வேல்விழியையே பார்த்தது.

"அம்மா! ஒனக்குக் கை நடுங்கலையா?"

"எனக்கு எதுக்குடி நடுங்கணும்?"

ஈரம் காய்வதற்குள் ஒரு கண்ணைக் கட்டைவிரலால் அழித்து, அதைக் கன்னத்துக்கு இறக்கி எழுதினாள் ஆதிலட்சுமி.

"ஒழுங்கா எழுதினா கடைக்காரனே வூட்டுக்கு வந்து அள்ளிட்டுப் போயிடுவான். அப்பறம் உங்கப்பா கட்டில வுட்டு எந்திரிச்சு எங்கடி போவாரு?"