தொட்டிக் காவல்

"வழிய விடுடா. உள்ள கெடக்குறது உன் தம்பிடா, பாவி!"

அவன் விடவில்லை. தொட்டியின் வாய்க்குக் குறுக்கே காலை அகட்டி நின்றான். இரண்டு கையிலும் இரும்புக் குழாய்.

கழிவுநீர்த் தொட்டி. ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் வாய். சகதி வார இறங்கிய தம்பி, பாதி ஏணியிலேயே கை நழுவி விழுந்துவிட்டான். அவனைத் தூக்க இறங்கிய ஆளும் ஒரு சத்தம்கூட இல்லாமல் சாய்ந்தாயிற்று.

குனிந்தால் தம்பியின் முதுகு தெரிந்தது. சட்டை மேலேறி இடுப்பு வெளுப்பாகத் தெரிந்தது.

அவன் குனிவதை நிறுத்திக்கொண்டான்.

எதிரே நின்றவன் தம்பியின் மச்சான், வெல்டர். துண்டை நனைத்து மூக்கில் கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

மூச்சுக்கருவியின் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. வேலை நிற்கக்கூடாது, தொட்டியைத் திற என்று சொன்ன மேனேஜரை இப்போது எங்கும் காணோம்.

காவல் நிற்க அவனுக்குப் பயிற்சி உண்டு. கேன்டீனில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, அதுதான் தொட்டி என்று சேஃப்டி ஆபீசர் சொல்லிக்கொடுத்தார். எதற்கெடுத்தாலும் 'கூடாது' என்பதால் அவருக்குப் பெயரே 'கூடாது சார்'.

ஈரத்துணி விஷக்காற்றை நிறுத்தாது. கருவி மாட்டாமல் எவனும் இறங்கக்கூடாது. விழுந்தவனைக் காற்று கொல்லும், பின்னால் போகிறவனைப் பாசம் கொல்லும்.

அன்றைக்கு எல்லோருக்கும் சிரிப்பு. வட்டத்துக்குள் பிணமாகப் படுத்திருந்தவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். பிணம் எழுந்து உதைத்தது.

வெல்டர் பாய்ந்தான்.

குழாய் அவன் தோளில் இறங்கியது. உட்கார்ந்துவிட்டான்.

"கூடப் பொறந்தவனாடா நீ? நல்லா காக்குறடா, நாய் மாதிரி!"

யாரோ காவல் நின்றவன்மேல் செருப்பை வீசினார்கள். நெற்றியில் பட்டு விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இன்னொருத்தன் காலு இந்த ஏணியில பட்டுச்சு, மண்டைய ஒடச்சிருவேன். வேணாம் மச்சான். உன் தங்கச்சிக்கு நீயாவது வேணும்."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது.

வெல்டர் நிமிர்ந்து பார்த்தான். மூக்கில் கட்டிய துண்டை மெல்ல அவிழ்த்தான். அதையே வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

வாசலில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. முதுகில் சிலிண்டரும் முகத்தில் கவசமுமாக இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அவன் விலகி நின்றான்.

கூட வந்த அதிகாரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க சேஃப்டி ஆபீசரக் கூப்புடுய்யா. உள்ள என்ன வாயு, எவ்வளவு ஆழம்னு கேக்கணும்."

அவன் குழாயை நீட்டித் தொட்டிக்குள் காட்டினான்.

"எறங்கக்கூடாதுன்னுதான் சார் சொன்னாரு. நான்தான் தம்பியத் தூக்குங்கன்னு அவரு கால்ல விழுந்தேன்."